மெல்லிய நரம்புக்கு மீன் அதிகம் மாட்டுமா? தூண்டில் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நரம்பை, அதாவது தூண்டில் நூலைப் பற்றியவை. எத்தனை மி.மீ. போடலாம், ஒற்றை இழை நைலானா, பல இழை பின்னிய பிரெய்டா, மெல்லிசாகப் போட்டால் மீன் நிறையக் கிடைக்குமா என்று. மற்றதை ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (ஈரோடு): அண்ணா, காவிரியில் 0.40 நரம்பு போடுகிறேன். பக்கத்தில் ஒரு பெரியவர் 0.20 போட்டு கெண்டையும் ஜிலேபியுமாக எடுத்துக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றுகூட இல்லை. என் நரம்பு மீன் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறதா?

தெரியத்தான் செய்யும் தம்பி. பெரியவருடைய நரம்பும் தெரியும். ஆனால் கண்ணுக்குத் தெரிவதை விடப் பெரிய விஷயம் விறைப்பு. நரம்பின் தடிமன் இரண்டு மடங்கானால் அது வளைய மறுப்பது பதினாறு மடங்காகும். கெண்டையும் ஜிலேபியும் இரையைப் பல்லால் கவ்வுவதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். இடியாப்பத்தை உறிஞ்சினால் உள்ளே போகும், முறுக்கை உறிஞ்ச முடியுமா? உங்கள் 0.40இல் மாட்டிய சின்னப் புழு அந்த உறிஞ்சலுக்கு இசைந்து நகராது. மீன் ஒன்றிரண்டு முறை முயன்று பார்த்துவிட்டுத் துப்பிவிடும். உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது, மீனே வரவில்லை என்று நினைத்திருப்பீர்கள்.

அடுத்தது ஆற்றின் ஓட்டம். தடித்த நரம்பைத் தண்ணீர் அதிகமாக இழுக்கும். அதைச் சமாளிக்க ஈயத்தைக் கூட்டுவீர்கள், ஈயத்தைத் தாங்கப் பெரிய தக்கை போடுவீர்கள், பெரிய தக்கையை மீன் இழுத்து அமிழ்த்தச் சிரமப்படும். பெரியவரிடம் நரம்பு மட்டும் மெல்லிசு இல்லை; முள் (கொக்கி), ஈயம், தக்கை எல்லாமே சின்னதாக இருந்திருக்கும், கவனித்தீர்களா? நரம்பை மட்டும் மாற்றிவிட்டு மற்றதை அப்படியே வைத்தால் பெரிதாக ஒன்றும் மாறாது.

கேள்வி (அதே ஈரோடு): அப்படியானால் தக்கை எவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும்?

அளவை விட, எவ்வளவு அமிழ்ந்து நிற்கிறது என்பதுதான் முக்கியம். வீட்டிலேயே ஒரு வாளித் தண்ணீரில் பார்த்துவிடலாம். பட்டாணி அளவு ஈயத்தை ஒன்றாகப் போடாமல், மிளகு அளவு ஈயங்களை ஒவ்வொன்றாக நரம்பில் அழுத்திப் பொருத்துங்கள். தக்கையின் நுனி ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தெரியும்போது நிறுத்துங்கள். இன்னும் ஒரே ஒரு ஈயம் வைத்தால் மூழ்கிவிடும் என்ற நிலையில் இருக்க வேண்டும். கடைசிக் குட்டி ஈயம் முள்ளிலிருந்து ஒரு சாண் மேலே. மீன் இரையைத் தூக்கினால்கூட தக்கை எழும்பிக் காட்டிக்கொடுக்கும். அப்படி எழும்புவதும் கடிதான், அப்போதே சுண்டலாம். மூழ்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (தஞ்சாவூர்): ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போதும் மெல்லிய நரம்புதானா?

வேண்டாம். செம்மண் கலங்கலில் மீன் மூக்காலும் மீசையாலும்தான் தேடும். கெளுத்திக்கு நரம்பின் தடிமன் ஒரு பொருட்டே இல்லை. அதோடு வெள்ளத்தில் குப்பையும் கொம்பும் அடித்து வரும், 0.20 தாங்காது. 0.35 போட்டு நல்ல வாசனையுள்ள இரை வையுங்கள். தை, மாசிக்கு மேல் தண்ணீர் தெளிந்து, மீனும் உஷாரான பிறகு மெல்லிசுக்கு வாருங்கள்.

கேள்வி (சிவகங்கை): கண்மாயில் விராலுக்கு லைட் டேக்கிள் (மெல்லிய நரம்பு, லேசான ராடு) போடலாமா சார்? வீடியோக்களில் எல்லாரும் அப்படித்தான் பிடிக்கிறார்கள்.

வெட்டவெளித் தண்ணீரில் பிடிப்பார்கள். உங்கள் கண்மாயில் அல்லியும் ஆகாயத்தாமரையும் இல்லாத இடம் எங்கே இருக்கிறது? விரால் கடித்ததும் முதல் வேலையாகச் செடிக்குள் தலையை விடும். உள்ளே போனால் மீனோடு அரை கிலோ செடியையும் சேர்த்து இழுக்க வேண்டும். அதற்கு 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பிரெய்டும், வளையாத ராடும் வேண்டும். இரையாகப் போடும் தவளை பொம்மை தண்ணீர் மேலே ஓடுவதால் விரால் பார்ப்பது தவளையைத்தான், நரம்பை ஆராய நேரமில்லை. விராலுக்கு மெல்லிசு என்பது மீனை முள்ளோடு அனுப்பி வைக்கும் வேலை.

கேள்வி (சென்னை): கடற்கரையில் நின்று வீசுகிறேன். மெல்லிய நரம்பு தூரம் போகும் என்கிறார்கள். உண்மையா?

உண்மை. கரையிலிருந்து வீசுவதில் மெல்லிசின் பெரிய லாபமே அதுதான். காற்றும் அலையும் அதைக் குறைவாகத்தான் பிடிக்கும், ஆகவே ஈயமும் நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் வீசும் நொடியில் வரும் அதிர்ச்சியை மெல்லிய நரம்பு தாங்காது. முன்னால் ஷாக் லீடர், அதாவது அந்த அதிர்ச்சியைத் தாங்கும் தடித்த நரம்புத் துண்டு, கட்டாயம். பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் பத்து பவுண்டு லீடர். 85 கிராம், அதாவது மூன்று அவுன்ஸ் ஈயம் என்றால் 30 பவுண்டு. லீடரின் நீளம் ராடின் இரண்டு மடங்காவது இருந்தால் ரீலில் சில சுற்று ஏறி நிற்கும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நடுவில் அறுந்து பறக்கும் ஈயம் யார் மண்டையில் இறங்கும் என்று சொல்ல முடியாது. மெரினா மாதிரி ஜனம் நடமாடும் கரையில் இன்னும் எச்சரிக்கை.

சீலா, வஞ்சிரம் வரும் இடமானால் முள்ளுக்கு மேல் ஒரு சாண் கம்பி. பல்லுக்கு முன்னால் மெல்லிசும் ஒன்றுதான், தடிப்பும் ஒன்றுதான்.

கேள்வி (திருநெல்வேலி): ப்ளூரோகார்பன் நரம்பு தண்ணீரில் மறைந்துவிடும் என்று கடைக்காரர் சொல்கிறார். விலை இரண்டு மூன்று மடங்கு. வாங்கலாமா?

மறையாது, கொஞ்சம் மங்கும். ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்று காட்டும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33, ப்ளூரோகார்பனுக்கு 1.42, நைலானுக்கு 1.5க்கு மேல். தண்ணீருக்கு நெருக்கமாக இருப்பதால் பளபளப்பு குறைவு, அவ்வளவுதான். எனக்கு அதில் பிடித்தது வேறு: கல்லில் உரசினால் நைலானை விடத் தாக்குப்பிடிக்கும். ரீல் முழுக்கச் சுற்ற வேண்டாம். கனம் அதிகம், மூழ்கும். தக்கை போடுபவர்களுக்கு அது தொல்லை. ஒரு சின்ன ஸ்பூல் வாங்கி, முன்னால் இரண்டு மீட்டர் லீடராகக் கட்டுங்கள். பல மாதம் வரும்.

கேள்வி (மேட்டூர்): உங்கள் பேச்சைக் கேட்டு 0.20 போட்டேன். கடி உண்மையிலேயே கூடியது. ஆனால் பெரிய கட்லா ஒன்று அறுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

கடி கூடும் என்றுதான் சொன்னேன் அண்ணே, கரை சேர்வது வேறு கணக்கு! சரி, எங்கே அறுந்தது? நுனியைப் பாருங்கள். பன்றிவால் மாதிரி சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது. சொரசொரப்பாக இருந்தால் கல்லில் தேய்ந்திருக்கிறது. சுத்தமாக அறுந்திருந்தால் டிராக் (மீன் இழுக்கும்போது ரீல் நரம்பை விடும் பிரேக்) இறுக்கம் என்று சந்தேகப்படலாம்.

நல்ல 0.20 நைலான் சுமார் மூன்று, மூன்றரை கிலோ தாங்கும். அது நேராக இழுத்தால். மோசமான முடிச்சு அதில் பாதியைத் தின்றுவிடும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தடவுங்கள். காய்ந்த நைலான் உரசும் சூட்டில் வெந்துவிடும். பிறகு டிராக். பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசில் நரம்பைக் கட்டி, ராடை வளைத்து இழுத்துப் பாருங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குக்குள், அதாவது ஒரு கிலோ காட்டும்போது ரீல் நரம்பை விட வேண்டும். நம்மூரில் பெரும்பாலோர் டிராக்கை இறுகத் திருகி வைத்துவிட்டு நரம்பைத் திட்டுகிறார்கள்.

ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் முள்ளிலிருந்து ஒரு மீட்டரை இரு விரலுக்கு நடுவே உருவிப் பாருங்கள். நகத்தில் சின்னச் சொரசொரப்பு தட்டினாலும் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள். மெல்லிய நரம்பில் கீறலுக்கு இடமில்லை. மேட்டூரில் கட்லாதான் குறி என்றால் 0.28க்கு வந்துவிடுங்கள், இரை பெரிதாக இருப்பதால் அந்த விறைப்பு பெரிதாகத் தெரியாது.

கேள்வி (கோயம்புத்தூர்): பத்து வயது மகனுக்கு முதல் தூண்டில் வாங்க வேண்டும். என்ன வாங்கலாம் சார்?

ரீலே வேண்டாம்மா. பத்தடி மூங்கில் குச்சி, அதே நீளத்துக்கு 0.20 நரம்பு, 10ஆம் நம்பர் முள், ஒரு சின்னத் தக்கை, மண்புழு அல்லது பிசைந்த கோதுமை மாவு. முள்ளில் நம்பர் ஏற ஏற அளவு சின்னது, கடையில் குழம்பிவிடாதீர்கள். ஜிலேபி இருக்கும் குளத்தில், ஏலம் எடுத்தவரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள். பையனுக்கு நேரம் போவது தெரியாது.

கேள்வி (பெங்களூரு): மெல்லிய நரம்பில் பெரிய மீன் எடுப்பதுதானே அசல் திறமை? உலக சாதனைகளே அப்படித்தானே?

1939இல் தொடங்கிய ஐஜிஎஃப்ஏ என்ற சர்வதேச விளையாட்டு மீன்பிடி அமைப்பு, சாதனைகளை நரம்பின் பலத்தை வைத்தும் பிரிக்கிறது: 1 கிலோ, 2 கிலோ என்று தொடங்கி 60 கிலோ வரை. விளையாட்டாக அது சரி. ஆனால் மீனைத் திரும்ப விடுபவராக இருந்தால் யோசியுங்கள். மெல்லிய நரம்பு என்றால் நீண்ட போராட்டம், மீன் களைத்துப்போகும். வெயில் காலத்தில் சூடேறிய தண்ணீரில் ஆக்ஸிஜனும் குறைவு, விட்ட மீன் கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடலாம். காவிரியின் திமில் மஹ்சீர் 2018இலேயே ஐயுசிஎன் என்ற சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் மிக மோசமான ஆபத்து நிலையில் சேர்ந்துவிட்டது. அந்த இனம் வாழும் தண்ணீரில் மெல்லிய நரம்பு சாகசம் எனக்குப் பிடிக்காது.

கேள்வி (மதுரை): போன வருடம் வாங்கிய 0.20 ஸ்பூல் கார் டிக்கியிலேயே கிடக்கிறது. போடலாமா?

ஒரு முழத்தை வெட்டி ஒரு சாதாரண முடிச்சுப் போட்டு, கையில் துணி சுற்றிக்கொண்டு வெடுக்கென்று இழுங்கள். நூல் மாதிரி பட்டென்று போனால் தூக்கிப் போடுங்கள். மெல்லிய நரம்புக்குச் சூடும் வெயிலும் ஆகாது. புதிது வாங்கினால் அலமாரிக்குள் இருட்டில் வையுங்கள். பழையதைக் கரையில் விடாமல் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். கொக்கின் காலில் சுற்றிக்கொள்கிறது.