ஒன்ராறியோவில் வயலின் படிப்பிக்க எந்தச் சான்றிதழ் வேண்டும்?

தங்கச்சி, யாழ். பல்கலைக்கழகத்தில் வயலினில் பட்டம், வட இலங்கை சங்கீத சபை பரீட்சை வைத்துக் கொடுக்கும் கலாவித்தகர் தகுதி, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சில வருடம் படிப்பித்த அனுபவம். இவ்வளவும் கையில் இருக்க, கனடாவில் வகுப்பு எடுக்க லைசென்ஸ் வேண்டுமா, எந்தச் சங்கத்தில் சேர வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஸ்காபரோவில் நீண்ட காலமாக வாய்ப்பாட்டும் வயலினும் சொல்லிக் கொடுக்கிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

இந்த மாகாணத்தில் வீட்டிலோ வாடகை இடத்திலோ தனியாக இசை கற்பிக்க அரசாங்க லைசென்ஸ் எதுவும் இல்லை. வேலை செய்ய அனுமதி இருந்தால் நாளைக்கே தொடங்கலாம். "இந்தக் கோர்ஸ் முடிக்காவிட்டால் சட்டப்படி கற்பிக்க ஏலாது" என்று யாராவது காசு கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். இங்கே சான்றிதழ் என்பது நீங்கள் எந்த இடத்தில் வேலை செய்ய விரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை ஆக வேண்டும் என்றால் அது தனிப் பாதை. ஒன்ராறியோ ஆசிரியர் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்துப் படிக்கும் இடம் என்று நினைக்க வேண்டாம், ஆசிரியர்களைப் பதிவு செய்து அனுமதி கொடுக்கும் அமைப்பு அது. பட்டத்தோடு ஆசிரியப் பயிற்சியும் கேட்பார்கள். இங்கே அந்தப் பயிற்சி 4 செமஸ்டர். பல்கலைக்கழகப் பெறுபேற்றுப் பத்திரத்தை யாழ்ப்பாணத்திலிருந்தே நேராக அனுப்பச் சொல்வார்கள், உங்கள் கையில் இருக்கும் பிரதி எடுபடாது. அந்த வேலைக்கு மாதக் கணக்கில் அலைச்சல் வரும் என்பதால், அந்தப் பக்கம் போகும் எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் ஊரில் ஒருவரைப் பிடித்து இப்போதே விண்ணப்பம் போட வையுங்கள்.

ரொறன்ரோ கல்விச் சபை பாடசாலை பாடசாலையாகப் போய் வாத்தியம் சொல்லிக் கொடுக்கும் பயிற்றுநர்களையும் எடுக்கிறது. அவர்கள் வகுப்பாசிரியரோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள், வாத்தியத் திறமைக்காக எடுக்கப்படுகிறவர்கள். தந்தி வாத்தியத்துக்கும் அப்படி ஆட்கள் உண்டு. நம் ஆட்களில் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது.

சரி, தனியாக வகுப்பு எடுக்கும் விஷயத்துக்கு வருவோம். இங்கே பெற்றோர் முதலில் கேட்பது றோயல் கொன்சவேற்றரியைப் பற்றித்தான். 1886-இல் ரொறன்ரோவில் தொடங்கிய, இசைப் பரீட்சை நடத்தும் நிறுவனம். ஆயத்தப் படிக்குப் பிறகு 1 முதல் 10 வரை தரங்கள், அதற்கு மேல் டிப்ளோமா. 60 புள்ளி எடுத்தால் சித்தி, 80-க்கு மேல் முதல் வகுப்பு. 5-ஆம் தரத்திலிருந்து சான்றிதழ் கிடைக்க எழுத்துப் பரீட்சையும் செய்ய வேண்டும். 7-ஆம் தரமும் அதற்குரிய எழுத்துப் பரீட்சையும் முடித்த பிள்ளைக்கு உயர்பள்ளியில் 11-ஆம் வகுப்பு இசைக்கு ஒரு கிரெடிட் (பள்ளிப் படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய பாடக் கணக்கு) கிடைக்கும், 8-ஆம் தரத்துக்கு 12-ஆம் வகுப்புக் கிரெடிட். தமிழ்ப் பெற்றோர் இந்தப் பரீட்சையை விடாமல் பிடித்துக் கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தப் பரீட்சைக்குப் பிள்ளைகளை அனுப்ப ஆசிரியைக்குச் சான்றிதழ் தேவையில்லை. யாரும் அனுப்பலாம். ஆனாலும் உங்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கர்நாடக வயலினில் நீங்கள் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், மேலைத்தேய வயலினை அந்தத் தகுதியில் படிப்பிக்கத் தொடங்க வேண்டாம். நாம் சம்மணமிட்டு இருந்து, வயலின் தலையைக் காலில் தாங்கி, சா-பா-சா-பா என்று சுருதி கூட்டி வாசிக்கிறோம். அவர்கள் நாடிக்கும் தோளுக்கும் நடுவில் பிடித்து, ஐந்து கோட்டுக் குறியீட்டைப் பார்த்து வாசிக்கிறார்கள். இடது கை தாங்கும் வேலை வேறு, வில் பிடிப்பு வேறு. ஆறு வயதுப் பிள்ளைக்கு முதல் வருடத்தில் பிழையாகப் படிந்த கையைப் பிறகு திருத்துவது அந்தப் பிள்ளைக்குத்தான் வேதனை. அதையும் படிப்பிக்க விருப்பம் என்றால் நீங்களே ஒரு ஆசிரியரிடம் போங்கள். பெரியவர்கள் 1-ஆம் தரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, உங்கள் காதுக்கும் விரலுக்கும் 8-ஆம் தரம் வரை வேகமாகப் போகலாம். குறியீட்டை வாசிக்கப் பழகுவதற்குத்தான் நாள் எடுக்கும்.

வாசிப்புச் சான்றிதழைவிடக் கற்பித்தல் சான்றிதழுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். கொன்சவேற்றரியில் பியானோவுக்கு ஆரம்பம், இடைநிலை, உயர்நிலை என்று கற்பித்தல் முறைப் படிப்பு மூன்று படியாக இருக்கிறது. பிள்ளையின் வயதுக்கு ஏற்பப் பாடத்தைப் பிரிப்பது, பயிற்சி செய்யாமல் வரும் பிள்ளையோடு எப்படிப் பேசுவது போன்றவற்றை ஒரு பாடமாகவே படிக்கிறார்கள். நம் சங்கீதத்தில் அருமையான வித்துவான்கள் இருக்கிறார்கள், ஆனால் கற்பிப்பதை ஒரு தனித் திறமையாக எண்ணிப் படித்தவர்கள் குறைவு. நீங்கள் ஊரில் ஆசிரியப் பயிற்சி எடுத்திருந்தால் பெற்றோரிடம் அதை முதலில் சொல்லுங்கள், பட்டத்தைப் பிறகு சொல்லலாம்.

சங்கத்தைப் பற்றி. ஒன்ராறியோ பதிவுபெற்ற இசை ஆசிரியர் சங்கம் 1885-இல் தொடங்கியது, கொன்சவேற்றரியைவிட ஒரு வருடம் மூத்தது. மாகாணச் சங்கங்களுக்கெல்லாம் மேலே 1935-இல் உருவான கனடிய இசை ஆசிரியர் சங்கக் கூட்டமைப்பு இருக்கிறது. ஒவ்வொரு நவம்பரிலும் கனடா இசை வாரத்தை நடத்துவது அவர்கள்தான். உறுப்பினராக, இசையில் டிப்ளோமா அல்லது பட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உங்கள் பட்டம் கனடாவில் எதற்குச் சமம் என்று தகுதி மதிப்பீடு செய்து வைத்துக்கொண்டு, பகுதிக் கிளையோடு நேரில் பேசுங்கள். கலாவித்தகரைப் பல்கலைக்கழகப் பட்டம் போல அவர்கள் எடுக்க மாட்டார்கள், அதனால் பட்டத்தை முன்னால் வையுங்கள். சேர்ந்தால் ஆசிரியர் பட்டியலில் பெயர் வரும், உங்கள் பிள்ளைகள் கிளையின் கச்சேரிகளில் வாசிக்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வீட்டில் தனியாகப் படிப்பிக்கிறவருக்குச் சக ஆசிரியர்களே கிடையாது. கட்டணத்தை எப்போது கூட்டலாம், வராமல் விட்ட வகுப்புக்குக் காசு கேட்கலாமா என்றெல்லாம் கேட்க ஆள் வேண்டும்.

கலாவித்தகருக்கு இங்கே மதிப்பில்லையோ என்ற உங்கள் கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். தமிழ்ப் பெற்றோரிடம் அதற்கு மதிப்பு நிறைய. தமிழிசைக் கலாமன்றம் போன்ற நம் அமைப்புகள் இங்கேயே கர்நாடக இசைப் பரீட்சை நடத்துகின்றன, அரங்கேற்றம் வரை பிள்ளைகளைக் கொண்டுபோகும் ஆசிரியர்களுக்கு எப்போதும் தேவை உண்டு. உங்கள் வகுப்பின் பெரும்பகுதி அங்கேயிருந்துதான் வரும்.

தொடங்கும்போது வருமானக் கணக்கை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். சுயதொழில் என்பதால் ஓய்வூதியத் திட்டத்தில் தொழிலாளி பங்கு, முதலாளி பங்கு இரண்டும் உங்கள் தலையில்தான். தொடர்ந்து நான்கு காலாண்டில் வருமானம் 30,000 டொலரைத் தாண்டப் போகிறது என்றால் விற்பனை வரி விஷயத்தைக் கணக்காளரிடம் கேளுங்கள். வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் பிள்ளைகள் வந்து போவதைச் சொல்லி வையுங்கள். இசைப் பள்ளியில் சேர்வதென்றால் சிறுவர்களோடு வேலை செய்கிறவர்களுக்கான பொலிஸ் பதிவுச் சோதனை கேட்பார்கள். அதற்கான கடிதத்தை வேலைக்கு எடுக்கும் இடத்திடமே வாங்குங்கள்.

பெறுபேற்றுப் பத்திரத்துக்காக யாழ்ப்பாணத்துக்கு இந்தக் கிழமையே எழுதுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பார்க்கலாம்.