ஓநாயைக் கொண்டுவந்து விட்டால் மயில் தொல்லை தீருமா?

உசிலம்பட்டிப் பக்கம் மயிலும் காட்டுப்பன்றியும் விதைத்ததை எல்லாம் கிளறிவிடுகின்றன, அமெரிக்காவில் செய்ததுபோல இங்கேயும் ஓநாயை விடலாமே என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே கதை வேறு. யெல்லோஸ்டோன் பூங்காவில் 1926-க்குள் ஓநாய்களை வேட்டையாடித் தீர்த்துவிட்டார்கள். எல்க் மான்கள் பெருகி ஆற்றோரத் துளிர்களை மேய்ந்து மொட்டையாக்கின. 1995, 96-இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களை விட்ட பிறகு மான் குறைந்தது, சில இடங்களில் மரம் தலைதூக்கியது. ஓநாய் ஆற்றின் போக்கையே மாற்றியது என்பதெல்லாம் கொஞ்சம் மிகை. மான் குறைந்ததில் கரடிக்கும் பூமா என்னும் பெரும்பூனைக்கும் மனித வேட்டைக்கும் பங்கு உண்டு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். இந்திய ஓநாய் வெட்டவெளி விலங்கு. இரை கிடைக்காவிட்டால் நேரே ஆட்டுக்கிடைக்குத்தான் வரும். ஆடு மேய்க்கும் கீதாரிகள் சும்மா விடுவார்களா?

மயிலுக்குச் சரியான ஆள் நரி. மயில் தரையில்தான் முட்டையிடும். வரப்போரப் புதருக்குள் மோப்பம் பிடித்துப் போய் முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி, அப்படியே எலியையும் நண்டையும் ஒரு கை பார்க்கும். அதை எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம். கண்மாய்க்கரைப் புதரை ஜேசிபி வைத்து வழிக்காமல், பன்றிக்கு அவுட்டுக்காய் என்னும் வெடியும் விஷமும் வைக்காமல் இருந்தாலே போதும், மிச்சமிருக்கும் நரி தங்கும். பன்றிக்கு மட்டும் இது மருந்தில்லை. குட்டியைத் தூக்கலாம், பெரிய பன்றியிடம் நரியின் பருப்பு வேகாது.