குட்டி ஆமையின் தலைக்குள் வரைபடம் இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

ஃபுளோரிடா கரையில் பிறக்கும் பெருந்தலை ஆமைக் குட்டிகள் வட அட்லாண்டிக்கைச் சுற்றி வருவதாக எழுதியிருந்தீர்கள். தாய் கூட வருவதில்லை. ஐந்து சென்டிமீட்டர்கூட இல்லாத குட்டி, தலைக்குள் வரைபடத்தோடா பிறக்கிறது? என் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்கிறார்கள், நான் விழிக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வரைபடத்தை முதலில் மறந்துவிடச் சொல்லுங்கள். தான் எங்கே இருக்கிறோம் என்பது குட்டிக்குத் தெரியவே வேண்டாம். 'இப்படி உணர்ந்தால் இந்தப் பக்கம் நீந்து' என்பது பிறவியிலேயே இருந்தால் போதும்.

மணலில் வெளிச்சமான, தாழ்ந்த அடிவானத்தை நோக்கி ஓடும். தண்ணீரில் இறங்கியதும் அலைக்கு எதிராக நீந்தும். அலை உடலைத் தூக்கிப்போடும் விதத்தை வைத்தே, கும்மிருட்டிலும் திசை பிடித்துவிடும். ஆனால் ஆழ்கடலில் அலை எங்கிருந்தும் வரலாம். அங்கே கைகொடுப்பது பூமியின் காந்தப்புலம்.

வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கென்னத் லோமன் குழு இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கடலையே தொடாத குட்டிகளுக்குத் துணிக்கச்சை மாட்டித் தண்ணீர்த் தொட்டியில் நீந்தவிட்டார்கள். சுற்றிலும் கம்பிச்சுருள்கள். மின்சாரத்தை மாற்றினால் கடலின் எந்த இடத்துக் காந்தப்புலத்தையும் தொட்டிக்குள் கொண்டுவரலாம். 2001இல் வெளியான முடிவு இது: வட ஃபுளோரிடா அருகிலுள்ள புலத்தைக் கொடுத்தால் குட்டிகள் தென்கிழக்கே நீந்தின. போர்ச்சுகல் பக்கத்துப் புலத்துக்குத் தெற்கே திரும்பின. அந்தத் திருப்பத்தில்தான் உயிரே இருக்கிறது. அங்கே நீரோட்டம் இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளையில் மாட்டினால் பிரிட்டன் பக்கத்துக் குளிரில் செத்துப்போகும்.

கடலைத் தாண்டும் வலு குட்டிக்கு ஏது? சுமப்பது நீரோட்டம்தான், குட்டி அதிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்கிறது. அதற்காக எல்லாக் குட்டிகளும் ஓட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பதில்லை. செயற்கைக்கோள் கருவி ஒட்டிப் பின்தொடர்ந்ததில் சில, நடுவிலிருக்கும் சர்காசோ கடலுக்குள் விலகிப் போனது 2014இல் தெரிய வந்தது.

'கிழக்கு மேற்கை எப்படிக் கண்டுபிடிக்கும்?' என்று உங்கள் வகுப்பில் யாராவது கெட்டிக்காரப் பிள்ளை கேட்கும். புலத்தின் வலிமை, அது தரையோடு சாயும் கோணம் இரண்டும் சேர்ந்தால் இடத்துக்கு இடம் வேறுபடும். போர்ட்டோ ரிக்கோவும் கேப் வெர்டேயும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், அட்லாண்டிக்கின் இரு பக்கங்களில் இருக்கின்றன. முதலாவதன் புலத்துக்கு வடகிழக்கும் மற்றதன் புலத்துக்குத் தென்மேற்குமாகக் குட்டிகள் நீந்தின. இது 2011இல் வந்த ஆய்வு.

சரி, வரைபடத்துக்கு வருவோம். பிறவியில் இல்லாவிட்டாலும், ஓர் இடத்தின் புலத்தைப் பின்னால் கற்று நினைவில் வைக்க முடியுமா? இளம் ஆமைகளுக்கு ஒரு குறிப்பிட்ட காந்தப்புலத்தில் மட்டும் தீனி போட்டுப் பழக்கினார்கள். அப்புறம் தீனி இல்லாமலே அந்தப் புலத்தைக் கொடுத்தபோது வாயைத் திறந்து, துடுப்பை அடித்து, ஏறக்குறைய நடனமே ஆடின! ரேடியோ அலையைச் செலுத்தியபோது திசையறியும் திறன் குழம்பியது, ஆனால் பழகிய புலத்தை அடையாளம் காண்பது, அதாவது வரைபடம், குழம்பவில்லை. ஆகவே இரண்டும் தனித்தனிப் புலன்கள் என்பது 2025இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு.