திப்பிக்கு எந்தக் கணக்கு?

கேள்வி: சேலத்தில் ஒரு கல்லூரியில் வணிக நிர்வாக மாணவர்களுக்கு அடக்கவிலைக் கணக்கியல் நடத்துகிறேன். வாரத்தில் ஐந்து மணி நேர வகுப்பில் இரண்டை இணையவழிக்கு மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். எதை மாற்றுவது, எதை வகுப்பிலேயே வைத்துக்கொள்வது?
- உதவிப் பேராசிரியை, அஸ்தம்பட்டி

பதில்: மாணவர் தனியே உட்கார்ந்து, புரியாத இடத்தில் நிறுத்தி, திரும்ப ஓட்டிப் பார்த்துக் கற்கக்கூடியதை இணையத்துக்கு அனுப்பிவிடுங்கள், ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தால்தான் விளங்கும் பகுதிகள் வகுப்பறையிலேயே இருக்கட்டும். பொருள் கட்டம் கட்டமாக உருவாகும் ஆலைகளுக்கான செயல்முறை அடக்கவிலையில் கணக்கின் படிவத்தையும், தவிர்க்க முடியாத இயல்பான இழப்புக்கும் தவிர்த்திருக்கக்கூடிய இயல்பற்ற இழப்புக்கும் உள்ள வேறுபாட்டையும் பதினைந்து நிமிடக் காணொலி ஒன்றே சொல்லிவிடும். ஆனால் ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ ஆலையில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவைப் பிரித்தபின் எஞ்சும் திப்பி, கால்நடைத் தீவனமாக விலைபோகிறதே, அந்தத் தொகையைச் செயல்முறைக் கணக்கில் வரவு வைத்து ஜவ்வரிசியின் அடக்கத்தைக் குறைப்பதா, இதர வருமானமாகக் காட்டுவதா? இயல்பான இழப்பு இத்தனை விழுக்காடு என்று பாடநூல் தந்துவிடுகிறது. மாவுச்சத்துப் பாயிண்ட் (கிழங்கில் உள்ள மாவுச்சத்தின் அளவு) குறைந்த கிழங்கு வந்து இறங்கும் நாளில் அந்த விழுக்காடு எங்கே நிற்கும்? கிழங்கு பயிரிடுபவர் வீட்டுப் பிள்ளையும் ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்க வாய்ப்புள்ள ஊர் இது. அந்த வாதத்தைக் காணொலியில் நடத்த முடியாது.

இரண்டு எச்சரிக்கைகள். காணொலியில் சொன்னதை வகுப்பில் மறுபடியும் முதலிலிருந்து நடத்தாதீர்கள். நடத்தினால் அடுத்த வாரம் அதை யாரும் பார்க்க மாட்டார்கள். வகுப்பின் முதல் ஐந்து நிமிடத்தில் ஒரு சிறு கணக்கைக் கொடுத்தால், பார்த்தவர் யார் என்பது தெரிந்துவிடும். அடுத்தது, மாணவரின் நேரம். 2010-இல் அமெரிக்கக் கல்வித்துறை வெளியிட்ட, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்வில், நேர்முக வகுப்பு மட்டும் கண்டவர்களைவிடக் நேர்முக வகுப்பும் இணையவழியும் கலந்த கலப்புமுறையில் பயின்றவர்கள் மேலாகச் செய்திருந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் பெரும்பாலும் கிடைத்திருந்தன என்பதை அந்த ஆய்வே குறிப்பிடுகிறது. ஆகவே ஆதாயத்தை இணையத்தின் கணக்கில் மட்டும் வரவு வைக்க இயலாது. ஐந்து மணி நேர வகுப்பை அப்படியே வைத்துக்கொண்டு மேலும் இரண்டு மணி நேரக் காணொலியை ஏற்றினால் பயன் கிடைக்கலாம். பகுதிநேர வேலைக்குப் போகும் பிள்ளை அதை எந்த நேரத்தில் பார்ப்பது?

கேள்வி: ஒன்றிய அரசின் இணையவழிப் பாடத் தளமான ஸ்வயத்திலேயே பாடம் முடித்து மதிப்பெண் பெறலாம் என்கிறார்களே, பிறகு கல்லூரி வகுப்பு எதற்கு?
- ஒரு பெற்றோர், ஏற்காடு

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021 விதிமுறை, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை ஸ்வயம் வழியாகப் படிக்க இடம் தருகிறது. அது முழுப் பாடத்தையே இணையத்தில் படிப்பது. மேலே பேசிய கலப்புமுறை அதுவன்று. மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்காத வீடுகள் இருந்தால், நேரலை வகுப்பைவிட, கல்லூரியில் இருக்கும்போதே பதிவிறக்கி வைத்துக்கொள்ளக்கூடிய பாடங்களைக் கேட்டு வாங்குங்கள். வருகைப்பதிவை நேரலையோடு கட்டியிருந்தால் அதைத் தளர்த்தும்படி துறைத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள்.