ஏரியைத் தொட்டியாக்க வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் கருவேல மரங்களை எல்லாம் அகற்றி, ஒரே சீராக ஆழப்படுத்தி, சுற்றிலும் கல் பதித்த கரை, நடைபாதை, நடுவில் பறவைகளுக்கு ஒரு மண் திட்டு என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். வேடந்தாங்கல் போல ஆகிவிடும் என்கிறார்கள். விவசாயிகளோ, சரணாலயம் என்று பெயர் வந்தால் வண்டல் அள்ளக்கூட முடியாது என்று பயப்படுகிறார்கள். நீங்கள் எந்தப் பக்கம்?
– வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: நீங்கள் சொல்லும் திட்டம் அப்படியே நடந்தால் இப்போது வரும் பறவைகளும் வராது.

நம் ஏரிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பாருங்கள். சரிவான நிலத்தில் ஒரு பக்கம் மட்டும் கரை போட்டிருப்பார்கள். கரையோரம், மதகுப் பக்கம் ஆழம்; தண்ணீர் வந்து சேரும் உள்வாய்ப் பக்கம் போகப் போக மேடாகி, முழங்கால் தண்ணீர், கணுக்கால் தண்ணீர், வெறும் சேறு என்று முடியும். பறவைகளில் பெரும்பாலானவை பிழைப்பது இந்தக் கடைசிப் பகுதியில்தான். மஞ்சள் மூக்கு நாரை இரை தேடுவதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? அலகைப் பாதி திறந்து தண்ணீரில் விட்டு, இப்படியும் அப்படியும் துழாவிக்கொண்டே நடக்கும், மீன் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்ளும். கண்ணால் தேடுவதைவிட அலகால் தடவித்தான் அது பிடிக்கிறது, அதற்குக் கால் தரையில் ஊன்ற வேண்டும். அரிவாள் மூக்கனுக்கும் நத்தை குத்தி நாரைக்கும் அப்படித்தான், உள்ளானுக்கோ ஈரச் சேறு போதும். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற இந்த ஓரம் உள்ளே நகர்ந்துகொண்டே போகும், அதனால் வாரத்துக்கு வாரம் புது மேய்ச்சல் இடம் கிடைக்கும். எல்லாப் பக்கமும் ஒரே ஆழம் தோண்டிக் கல் பதித்துவிட்டால் அது தொட்டி. அதில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும், மற்றவை மேலே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போய்விடும்.

அப்புறம், தூர் வாருவது எப்போது? கோடையில், ஏரி காய்ந்த பிறகு. ஆள்காட்டிப் பறவை முட்டையிடுவதும் அதே மாதங்களில்தான், அதுவும் கூடு என்று பெரிதாக எதுவும் கட்டாமல், காய்ந்த தரையில் சின்னக் குழி பறித்து, கூழாங்கல் நிறத்தில் கரும்புள்ளியோடு பெரும்பாலும் நாலு முட்டை. ஜேசிபி ஓட்டுபவர் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. தலைக்கு மேலே அது கத்திக்கொண்டு பறந்தால் பக்கத்தில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று அர்த்தம், அந்த இடத்தை விட்டுவிட்டு வேலை பார்க்கச் சொல்லுங்கள்.

மரங்கள். சீமைக்கருவேலம் போக வேண்டியதுதான், அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டிவிடுகிறார்கள். தண்ணீருக்குள் நிற்கும் கருவேலத்தில்தான் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டுகின்றன, சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாயும் பூனையும் எளிதில் ஏறி வராது. சீமைக்கருவேலத்தைக் கூட கூடு இல்லாத மாதம் பார்த்துப் பகுதி பகுதியாக எடுத்து, அந்த இடத்தில் நாட்டுக் கருவேலமோ நீர்க்கடம்போ வைத்து வளர்த்த பிறகுதான் அடுத்த பகுதியைத் தொட வேண்டும். கூட்டோடு மரத்தைச் சாய்ப்பது குற்றமும்கூட. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் பறவைகளின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும் வேட்டை என்றுதான் எழுதியிருக்கிறது.

விவசாயிகளின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். சரணாலயமானால் வண்டலுக்கு வனத்துறையைக் கேட்க வேண்டிவரும், உண்மைதான். ஆனால் வேடந்தாங்கலைக் காப்பாற்றியது யார்? ஊர்க்காரர்கள், அதிலும் விவசாயிகள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று முறையிட்டு, 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் உரிமையை எழுதி வாங்கியவர்கள் அவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கும் அங்கே சரணாலயத்தைச் சுற்றி விவசாயம் நடக்கிறது. திருப்பூர் நஞ்சராயன் குளமும் பாசனக் குளம்தான், 2024-ல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டிலும் அப்படி ஒரு ஏரிகூட இல்லை. 2014-ல் அறிவித்த காவிரி வடக்கு சரணாலயம் காட்டுக்கும் ஆற்றுக்குமானது, ஊர் ஏரிகளை அது காக்காது. மத்திய அரசின் 2017 ஈரநில விதிகளோ பாசனத்துக்கென்று கட்டிய ஏரிகளை ஈரநிலக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதனால் சரணாலயம் என்று அறிவிப்பு வரும்வரை உங்கள் ஏரிக்குக் காவல் நீங்கள்தான்.

உங்கள் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் வருகிறதா என்றும் பாருங்கள். அதே ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையைப் பார்க்காதவர் நம் மாவட்டத்தில் இருக்க மாட்டார். பெங்களூருக் கழிவு அது. தண்ணீர் கெட்டால் மீனும் நத்தையும் போகும், அதன் பிறகு நடைபாதை யாருக்கு?

கிராம சபையில் எழுந்து கேளுங்கள். நடைபாதை ஊர்ப்பக்கக் கரையோடு நிற்கட்டும், கல் பதிப்பதும் அங்கே மட்டும்தான். ஆழப்படுத்துவது மதகுப் பக்கம் மட்டும், விவசாயிகள் வண்டலும் அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். உள்வாய்ச் சரிவில் ஜேசிபி இறங்கக் கூடாது. இதைத் தீர்மானமாக எழுதச் சொல்லி, நகல் வாங்கி வையுங்கள்.