165/80 ஆர்14 டயருக்குப் பதில் 185/65 போடலாமா?

உங்கள் ஸ்விஃப்ட் காரில் இருப்பது 165/80 ஆர்14. அகலமாகப் போட்டால் பிடிமானம் கூடும் என்று கடைக்காரர் 185/65 ஆர்14-ஐ நீட்டுகிறார் என்கிறீர்கள். அந்த அளவு வேண்டாம்.

165 என்பது மில்லிமீட்டரில் அகலம். அடுத்துள்ள 80-இல்தான் பலர் சறுக்குகிறார்கள்: பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மேலும் கீழும் உள்ள சுவர்களோடு ரிம்மைக் (14 அங்குலம், சுமார் 356 மி.மீ.) கூட்டினால் டயரின் மொத்த விட்டம் ஏறக்குறைய 620 மி.மீ. கடைக்காரர் சொல்லும் டயருக்கு இதே கணக்கைப் போடுங்கள்: 596-தான் வரும். வண்டி 12 மி.மீ. தாழும், நம் ஊர் வேகத்தடைகளில் அடி உரசும்போது அது தெரியும். இதுவரை சரியாகக் காட்டிய ஸ்பீடோமீட்டரும் 96-இல் போகும்போதே 100 என்று சொல்லும்.

உயர் ரக ஸ்விஃப்ட்டில் 185/65 உண்டு, உண்மைதான். ஆனால் அது ஆர்15; விட்டம் 621. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

அகலம் வேண்டும் என்றே தோன்றினால் 185/70 ஆர்14 பாருங்கள், 615 மி.மீ. ஸ்டியரிங் சற்றுக் கனக்கும், மைலேஜும் கொஞ்சம் குறையும். நானாக இருந்தால் பழைய அளவையே வாங்குவேன். எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2324 என்றால் 2024-இன் 23-ஆம் வாரத் தயாரிப்பு.