வேலை நீக்கம்: 60 நாள் கெடுவைத் தவறவிடாதீர்கள்

கேள்வி: ஒரு தொழிற்சாலையில் 9 ஆண்டுகள் வேலை செய்தேன். மாதச் சம்பளம் 2,800 ரிங்கிட். உள்விசாரணை நடத்தி, மார்ச் 2-ஆம் தேதி நீக்கிவிட்டார்கள். நிர்வாகத்திடம் மேல்முறையீடு கொடுத்திருக்கிறேன். “பதில் வரும்வரை பொறுங்கள்” என்கிறார்கள். என்மீது புகார் கொடுத்தவரே விசாரணைக் குழுவில் இருந்தார். வழக்கு நிற்குமா?
– வாசகர், கிள்ளான்

பதில்: தயவுசெய்து பொறுத்திருக்காதீர்கள். 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவின்படி, நீக்கப்பட்ட 60 நாளுக்குள் தொழிலுறவு இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். கம்பெனிக்குள் நடக்கும் மேல்முறையீடு இந்தக் கணக்கை நிறுத்தாது. சனி, ஞாயிறு, பெருநாள் எல்லாம் நாள்களாகவே எண்ணப்படும். மார்ச் 3-ஐ முதல் நாளாக வைத்தால் உங்கள் 60-ஆவது நாள் மே 1. அன்று இலாகா திறந்திருக்காது. ஏப்ரல் முடியும்வரை இழுக்காமல் இந்த வாரமே போய்விடுங்கள். கெடு கட்டாயமானது என்று 1981-இல் ஃபுங் கியோங் ரப்பர் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது. உண்மையான அநியாயம் நடந்தும் தாமதத்தால் கதவு அடைபடுவதுதான் மனத்தை மிகவும் வருத்துகிறது.

வேலை செய்த இடத்துக்கு அருகிலுள்ள கிளைக்குப் போங்கள். நியமனக் கடிதம், காரணம் கேட்ட கடிதம், நீங்கள் கொடுத்த பதில், விசாரணை அறிவிப்பு, நீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றின் நகல் வேண்டும். மனுவில் “மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும்” என்றே கேளுங்கள். இழப்பீடு மட்டும் போதும் என்று எழுதிவிட்டுப் பின்னால் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு.

அடுத்தது இலாகா நடத்தும் சமரசப் பேச்சு. அங்கே வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது. காரணமில்லாமல் வராதிருந்தால் கோப்பையே மூடிவிடக்கூடும். பேச்சு முறிந்தால், 2021 முதல் அமைச்சரின் முடிவுக்குக் காத்திராமல் இலாகாத் தலைமை இயக்குநரே வழக்கைத் தொழில்துறை நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்.

கம்பெனி ஒரு தொகை சொன்னால் அதை எதனோடு ஒப்பிடுவது? விடுபட்ட சம்பளத்துக்கு உச்சவரம்பு 24 மாதம்: 67,200 ரிங்கிட். மீண்டும் வேலை தராத நிலையில், வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் கணக்கிடுவது நீதிமன்ற வழக்கம்: 25,200. ஆக மொத்தம் 92,400. இதைக் கையில் வரும் தொகை என்று எண்ணிவிடாதீர்கள். இடையில் வேறு வேலையில் சம்பாதித்ததும், உங்கள் பக்கத் தவறும் கழிக்கப்படும்.

விசாரணைக் குழுவில் புகார்தாரர் இருந்தது பெரிய குறைதான். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். குறையுள்ள விசாரணையாலேயே நீக்கம் செல்லாமல் போவதில்லை. நீதிமன்றம் சாட்சிகளைப் புதிதாகக் கேட்கும். குற்றத்தை நிரூபிப்பது முதலாளியின் பொறுப்பு. உங்கள் சாட்சிகளின் பெயரையும் கைப்பேசி எண்ணையும் இப்போதே எழுதி வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்கள் எந்த ஊரில் இருப்பார்களோ!

கேள்வி: “ராஜினாமா எழுதிக் கொடு, இல்லையென்றால் ஒழுங்கீனம் என்று நீக்குவோம்” என்கிறார்கள். எது மேல்?
– வாசகி, ஈப்போ

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் சட்டப்படி நீக்கம்தான். ஆனால் மிரட்டினார்கள் என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். தானாக விலகியவருக்குச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை காப்புறுதி உதவியும் கிடைக்காது. யோசிக்க அவகாசம் கேளுங்கள். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார் என்பதை அன்றே மின்னஞ்சலில் நிர்வாகத்துக்கு அனுப்புங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், மறுநாளே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு “கட்டாயப்படுத்தினார்கள்” என்றால் நம்பவைப்பது கடினம். 60 நாள் கணக்கு இங்கேயும் உண்டு.

கேள்வி: என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். நான் தொழிற்சங்க உறுப்பினர் இல்லை. ஓவர்டைம் பாக்கியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மனுவில் கேட்கலாமா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: நீக்க மனுவுக்குச் சங்க உறுப்பினராக இருக்கத் தேவையில்லை. ஓவர்டைம் பாக்கிக்குப் போகவேண்டிய இடம் தொழிலாளர் இலாகா. அதைத் தனியாகக் கொடுங்கள். தொழிலுறவு இலாகாவும் தொழிலாளர் இலாகாவும் ஒன்றே என்று நினைத்துத் தொழிலாளர் இலாகாவில் மட்டும் புகார் கொடுத்து, நீக்க மனுவின் 60 நாளைக் கோட்டைவிட்டவர்கள் பலர்.